வால்யூம் ரீஸ்டோர்: தமிழில் முழுத்தொகுதி மீட்பு

ஃபைலர் எனப்படும் வலையமைப்புச் சேமிப்பகத்தில், ஒரு வால்யூமை, அதாவது ஒரே அலகாகக் கையாளும் சேமிப்பிடத்தை, முழுதாக பேக்கப் எனும் காப்பு நகலிலிருந்து பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் வால்யூம் ரீஸ்டோர். தொலைந்த ஒரு கோப்பை மட்டும் தேடி எடுப்பது இதில் சேராது. கோப்புறைகள், அனுமதிகள், உரிமையாளர் விவரம் எல்லாம் சேர்ந்தே திரும்பும்.

'வால்யூம்' லத்தீனின் 'வோலுமென்' வழி வந்தது. 'வோல்வெரே' என்றால் சுருட்டுதல்; சுருள் ஏடாக இருந்த நூலுக்கு அது பெயர். அப்புறம் நூலின் ஒரு பாகம், நூலின் பருமன், கன அளவு என்று பொருள் விரிந்தது. ஐபிஎம் பெருங்கணினிகளில் ஒரு காந்த நாடாச் சுருளும் வால்யூம்தான். நாடாவின் முதல் பதிவே 'வால்1' என்றுதான் தொடங்கும். சுருட்டிய ஏட்டின் பெயர் சுருட்டிய நாடாவுக்கு வந்து சேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம். இன்று பல வட்டுகளில் பரவிக் கிடக்கும் இடத்தை ஒரே அலகாகக் காட்டும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர்.

எனவே 'கனவளவு', 'கொள்ளளவு' இரண்டும் இங்கே தவறு. அவை அளவைக் குறிப்பவை. நூல் தொகுதி என்று நாம் ஏற்கெனவே சொல்லும் 'தொகுதி'தான் சரி.

ரீஸ்டோருக்கு 'மீட்பு'. தானாகத் திரும்பினால் மீள்கிறது, நாம் திருப்பினால் மீட்கிறோம். 'மீட்டமைப்பு' என்றும் எழுதுகிறார்கள். ஆனால் கைபேசிகளில் 'மீட்டமை' ரீசெட்டுக்கும் வருகிறது. எல்லாவற்றையும் அழிக்கும் வேலைக்கும் திருப்பித் தரும் வேலைக்கும் ஒரே சொல் இருப்பது ஆபத்து.

மீட்பு என்றதும் இழப்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நாடாவிலிருந்து மீட்டால் முதலில் முழு நகல், பிறகு இடையில் மாறியவற்றை மட்டும் கொண்ட கூடுதல் நகல்கள் எடுத்த வரிசையிலேயே ஏற வேண்டும், மணிக்கணக்கில் ஆகும். நெட்ஆப் நிறுவன ஃபைலரின் ஸ்னாப்ரிஸ்டோர் வசதி தரவை நகலெடுப்பதில்லை, ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தில் தொகுதி இருந்த நிலையின் பதிவு) காலத்துத் தரவுத் துண்டுகளையே மறுபடி நடப்பு நிலையாக்குகிறது. அதனால்தான் பெரிய தொகுதியும் சட்டென்று திரும்புகிறது. ஆனால் அந்த ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் எழுதியவை போய்விடும், பின்னால் எடுத்த ஸ்னாப்ஷாட்களும் சேர்ந்தே போகும். இடம் இருந்தால் புதிய தொகுதியில் மீட்டு, சரிபார்த்து, அப்புறம் மாற்றுவதே நல்லது.

பணிக்குறிப்பில் எழுதும்போது நேரத்தையும் சேருங்கள்: 'முழுத்தொகுதி மீட்பு, செவ்வாய் இரவு 11 மணி நகல், புதிய தொகுதிக்கு'. எது திரும்பும், எது திரும்பாது என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.