கியரே மாற்றாத கியர்ப்பெட்டி

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். சிறிய பிக்கப் டிரக் ஒன்று வாங்க விரும்புகிறார். ஃபோர்டு மேவரிக் ஹைபிரிட், ஹூண்டாய் சாண்டா குரூஸ் ஆகிய இரண்டில் எதை எடுப்பது என்று தெரியாமல் தவிக்கிறார். மேவரிக்கை ஓட்டிப் பார்த்தபோது, மேட்டில் ஏறுகையில் இன்ஜினின் இரைச்சல் சட்டென்று உயர்ந்து அங்கேயே நின்றுவிட்டதாகவும், வண்டியின் வேகமோ நிதானமாகவே கூடியதாகவும் எழுதியிருந்தார். "கிளட்ச் வழுக்குகிற வண்டியை என் தலையில் கட்டப் பார்க்கிறார்களா? ஓர் இன்ஜின், இரண்டு மோட்டார், ஒரு பேட்டரி என்று இத்தனையையும் திணித்த வண்டி எத்தனை நாள் தாங்கும்?" என்பது அவர் கேள்வி. அவருக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: அந்த வண்டியில் வழுக்குவதற்குக் கிளட்ச்சே கிடையாது. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் பொறிநுட்பம், எனக்குத் தெரிந்த பற்சக்கர அமைப்புகளிலேயே மிக அழகானது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சந்தையைப் பற்றிச் சுருக்கமாக. மேற்கு ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி விதித்ததற்குப் பதிலடியாக, இறக்குமதியாகும் இலகுரக டிரக்குகளுக்கு அமெரிக்கா விதித்த 25 சதவீத வரி 1964 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1970களில் ஜப்பானில் செய்யப்பட்டு ஃபோர்டு, செவ்ரோலே பெயர்களில் விற்ற சிறிய பிக்கப்கள், பின்தொட்டி இல்லாமல் கப்பலேறி வந்து, அமெரிக்க மண்ணில் தொட்டி பொருத்தப்பட்டு, அந்த வரியிலிருந்து சில காலம் நழுவின. கோழிக்கும் டிரக்குக்கும் முடிச்சுப் போட்ட அந்த வரி இன்றும் விலகவில்லை. வெளிநாட்டுப் போட்டி இப்படித் தடுக்கப்பட்டிருக்க, உள்நாட்டு டிரக்குகள் தலைமுறைக்குத் தலைமுறை பெருத்தன. 2011-இல் ஃபோர்டு தன் சிறிய ரேஞ்சரின் தயாரிப்பை அமெரிக்காவில் நிறுத்தியது. 2019-இல் அது திரும்பி வந்தபோது நடுத்தர அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்த வெற்றிடத்தில்தான், 2022 மாடலாக, மேவரிக்கும் சாண்டா குரூஸும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நுழைந்தன. இரண்டுமே தனிச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றி வைக்காமல், கார்களைப் போல ஒரே கூடாகக் கட்டப்பட்டவை.

மேவரிக்கின் தொடக்க விலை 19,995 டாலர். அந்த விலைக்கே ஹைபிரிட் கிடைத்தது. தேவை தாங்காமல் 2022 ஜனவரியில் ஃபோர்டு அந்த ஆண்டுக்கான முன்பதிவையே நிறுத்தி வைத்தது. பிறகு விலை படிப்படியாக ஏறி, 2025 மாடலில் 26,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஆயினும் 2024-இல் 1,31,000-க்கும் அதிகமான மேவரிக்குகள் விற்றன. சாண்டா குரூஸ் சுமார் 32,000. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி அந்தப் பெட்டிக்குள் நுழைவோம். பெட்ரோல் இன்ஜின் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் சிக்கனமாக உழைக்கும். சக்கரங்களோ நின்ற நிலையிலிருந்து நெடுஞ்சாலை வேகம் வரை எல்லா வேகத்திலும் சுழல வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையே சமரசம் செய்து வைப்பதே கியர்ப்பெட்டியின் வேலை. ஹைபிரிட் மேவரிக்கில் இந்த வேலையைச் செய்வது ஒரே ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு சிறிய பற்சக்கரம். அதற்குச் சூரியன் என்று பெயர். அதைச் சுற்றிப் பல் கோத்தபடி சில கோள் சக்கரங்கள். அவற்றின் அச்சுகள் எல்லாம் தாங்கி என்னும் ஒரு தட்டில் பொருந்தியிருக்கும். இவை அனைத்தையும் சூழ்ந்து, உட்புறம் பல் வெட்டப்பட்ட ஒரு வளையம். சூரியனில் ஒரு மின் இயந்திரம், தாங்கியில் இன்ஜின், வளையத்தின் பக்கம் சக்கரங்களும் அவற்றை ஓட்டும் பெரிய மோட்டாரும் இணைந்திருக்கின்றன. இந்த இணைப்புகளில் எதையும் எப்போதும் கழற்றி மாட்டுவதில்லை. எல்லாப் பற்களும் எந்நேரமும் கோத்தபடியே இருக்கின்றன.

அப்படியானால் வேகம் எப்படி மாறுகிறது? இதே அமைப்பை உலகறியச் செய்த டொயோட்டா பிரியஸின் முதல் தலைமுறைகளில் சூரியனுக்கு 30 பற்கள், வளையத்துக்கு 78 பற்கள். சூரியனின் வேகத்தை 30-ஆலும், வளையத்தின் வேகத்தை 78-ஆலும் பெருக்கிக் கூட்டினால், அது தாங்கியின் வேகத்தை 108-ஆல் பெருக்கியதற்குச் சமம். விதி இவ்வளவுதான். வண்டி நின்றுகொண்டிருக்கிறது, அதாவது வளையம் அசையவில்லை. இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 முறை சுழல்கிறது என்றால், சூரியன் 3,600 முறை சுழன்றாக வேண்டும். இன்ஜின் அணைந்திருக்க, மோட்டாரின் தயவில் வளையம் 1,000 முறை சுழன்றால், சூரியன் 2,600 முறை பின்னோக்கிச் சுழலும். வளையம் 2,000, இன்ஜின் 1,500 என்றால் சூரியன் வெறும் 200. மூன்றில் இரண்டின் வேகத்தை நிர்ணயித்தால் மூன்றாவது தானாக அமையும். ஆகவே சக்கரங்கள் எந்த வேகத்தில் சுழன்றாலும், சூரியனின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ இன்ஜினுக்கு வேண்டிய வேகத்தை வாங்கிக்கொள்ளலாம். சூரியனைப் பிடித்திருக்கும் மின் இயந்திரம்தான் கியர் நெம்புகோல். அந்த நெம்புகோலுக்கு முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிகள் இல்லை. சரிவு மட்டுமே உண்டு.

வேகத்தைவிட எனக்குப் பிடித்தது முறுக்குவிசையின், அதாவது தண்டைத் திருப்பும் விசையின், கணக்கு. வேகங்கள் எப்படி மாறினாலும், இன்ஜினின் முறுக்குவிசை மட்டும் பற்களின் விகிதத்தில்தான் பிரியும்: 108-இல் 78 பங்கு, அதாவது 72 சதவீதம், வளையம் வழியாக நேரே சக்கரங்களுக்கு, மீதி 28 சதவீதம் சூரியனுக்கு. கைகள் சமமில்லாத துலாக்கோல் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். நடுவிலிருந்து இன்ஜின் தூக்குகிறது. ஒரு முனையில் வண்டியின் கனம், மறு முனையில் மின் இயந்திரம். அந்த மறு முனையை யாரும் பிடிக்காவிட்டால் கோல் அந்தப் பக்கம் எகிறும்; வண்டி அசையாது. சூரியன் எதிர்த்து நின்றால்தான் சக்கரத்துக்கு விசை போய்ச் சேரும். எதிர்த்து நிற்பதற்கு மின் இயந்திரம் செய்ய வேண்டியதெல்லாம் மின்சாரம் உற்பத்தி செய்வது மட்டுமே! உராய்ந்து தேயும் கிளட்ச் தட்டின் இடத்தில், காந்தப்புலத்தின் எதிர்ப்பு வந்து அமர்கிறது. அப்படி உற்பத்தியாகும் மின்சாரமும் வீணாவதில்லை. பெரிய மோட்டாருக்குப் போய் அதே சக்கரங்களைத் தள்ளுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், குறுக்கே வெட்டித் திறந்து வைக்கப்பட்ட இப்படியொரு பெட்டியைக் கையால் சுழற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வளையத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்ஜின் தண்டை மெதுவாகத் திருப்பினேன். சூரியன் விர்ரென்று சுழன்றது. பிறகு இன்ஜின் தண்டை உடனிருந்தவர் திருப்ப, சூரியனின் தண்டை விரல்களால் லேசாக நெரித்தேன். பிடியை இறுக்க இறுக்க, மறு கையிலிருந்த வளையம் கனத்துக்கொண்டே வந்து, கடைசியில் பிடி நழுவித் திரும்பியது. தொடர்பை எங்கும் துண்டிக்காமலே, எந்த வேகத்திலும் விசையைக் கடத்தலாம் என்பதைச் சமன்பாட்டில் படித்தவனுக்கு, அன்றுதான் அது விரல் நுனியில் புரிந்தது.

வாசகர் மேட்டில் கேட்ட இரைச்சலின் காரணமும் இதுவே. அவர் கூடுதல் விசை கேட்டார். கணினி சூரியனின் வேகத்தை மாற்றி இன்ஜினை அதற்கேற்ற சுழற்சிக்கு உயர்த்தி அங்கேயே நிறுத்தியது. காதுக்கு அது கிளட்ச் வழுக்குவது போலவே ஒலிக்கும், ஆனால் உள்ளே ஒரு பல்கூட வழுக்கவில்லை. இதே ஏற்பாட்டினால் இந்த வண்டியில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை. சூரியனைச் சுழற்றினாலே இன்ஜின் கிளம்பிவிடும். பேட்டரிக்கு மின்னேற்றும் தனி ஆல்டர்னேட்டர் இல்லை. ரிவர்ஸ் கியரும் இல்லை. பெரிய மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால் வண்டி பின்னால் போகும்.

டர்போ இன்ஜினுடன் வந்த சாண்டா குரூஸின் வழி வேறு. அதில் எட்டு கியர்கள், இரண்டு கிளட்ச்கள். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. அடுத்த கியரை முன்கூட்டியே கோத்து வைத்துவிட்டு, ஒரு கிளட்ச்சை விட்டு மற்றதைப் பிடிப்பதால் கியர் மாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது. ஓட்டுவதற்கு இனிமையான பெட்டி. ஆனால் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும், பாரத்தை இழுத்துக்கொண்டு மேட்டில் கிளம்பும்போதும், கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடி உராய்ந்தே ஆக வேண்டும். அந்த வெப்பத்தை எண்ணெய் வெளியே கொண்டுபோக வேண்டும். அந்தப் பெட்டிக்கு உயர் அழுத்தத்தில் எண்ணெய் தரும் மின் பம்ப்பில் கோளாறு வரலாம் என்று, 2022-இல் சாண்டா குரூஸ் உட்பட 50,000-க்கும் மேற்பட்ட வண்டிகளை ஹூண்டாய் அமெரிக்காவில் திரும்ப அழைத்தது.

நம்பகத்தன்மைக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஏதேனும் ஓர் உறுப்பு பழுதானாலும் வண்டி நின்றுவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் உறுப்பும் பத்தாண்டு தாங்கும் வாய்ப்பு 99 சதவீதம் என்றால், அப்படிப்பட்ட 100 உறுப்புகள் கொண்ட வண்டி பத்தாண்டு தாங்கும் வாய்ப்பு 37 சதவீதம் மட்டுமே. 50 உறுப்புகள் என்றால் 60 சதவீதம். எனவே ஹைபிரிடைப் பார்த்து "இத்தனையைத் திணித்திருக்கிறார்களே" என்று அஞ்சுவதைவிட, தேயும் உறுப்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதே சரி. ஃபோர்டு இதே வகைப் பெட்டியைப் பொருத்தி 2004-இல் வெளியிட்ட எஸ்கேப் ஹைபிரிட், சான் பிரான்சிஸ்கோவிலும் நியூயார்க்கிலும் வாடகைக் காராக இரவு பகல் பாராமல் ஓடியது.

இதனால் மேவரிக் பழுதே ஆகாது என்று பொருள் கொள்ள வேண்டாம். 2022-இல் அதன் 2.5 லிட்டர் ஹைபிரிட் இன்ஜினைக் கொண்ட ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஃபோர்டு வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. இன்ஜின் உடைந்தால் எண்ணெயும் எரிபொருள் ஆவியும் வெளியேறி, சூடான பாகங்களில் பட்டுத் தீப்பிடிக்கலாம் என்பது காரணம். முதலில் செய்த பரிகாரம் வேடிக்கையானது: அடித்தகட்டில் துளையிட்டார்கள், முன்பக்கக் காற்றுத் தடுப்புகள் சிலவற்றைக் கழற்றினார்கள். இன்ஜின் உடைவதைத் தடுக்காமல், உடைந்தால் ஒழுகி ஓட வழி செய்த இந்த வைத்தியம் போதவில்லை. 2023-இல் மறுபடியும் அழைக்க நேர்ந்தது. புதுமையான கோள் சக்கரத் தொகுதி ஒழுங்காக உழைக்க, நூறாண்டு பழைய இன்ஜின் காலை வாரியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மின்கல ஆய்வுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளியாவது தேய்மானம், மசகு, பேரிங் உலோகங்கள் பற்றிய ஆய்வுக்கும் போக வேண்டும் என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். கவர்ச்சியில்லாத துறை என்பதால் யாரும் காது கொடுப்பதில்லை.

இணையத்தில் மேவரிக்கைப் பற்றித்தான் புகார் அதிகம் என்று வாசகர் கவலைப்படுகிறார். முன்பு சொன்ன இரண்டு எண்களை இப்போது எடுங்கள். ஏறத்தாழ நான்கு மடங்கு விற்கும் வண்டிக்கு, தரம் சமமாகவே இருந்தாலும், நான்கு மடங்கு புகார் வரும். அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் புகார்களை யாரும் படிக்கலாம், ஆனால் எத்தனை வண்டிகளுக்கு எத்தனை புகார் என்று வகுத்துப் பார்க்காதவரை அவை வெறும் கதைகள். அந்த வகுத்தலைச் சரியாகச் செய்ய உதவும் உத்தரவாதப் பழுதுக் கணக்குகளை நிறுவனங்கள் பூட்டி வைத்திருக்கின்றன. ஜாதகம் பார்த்து வண்டி வாங்குவோரை நாம் கேலி செய்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரின் ஒரே ஒரு அனுபவத்தை வைத்து ஒரு நிறுவனத்தையே ஒதுக்குவதும் அந்த ரகம்தான்.

ஒன்று மட்டும் அவர் முடிவை மாற்றக்கூடும். முன்சக்கரங்கள் மட்டும் இயங்கும் மேவரிக் ஹைபிரிட் இழுக்கக்கூடியது 2,000 பவுண்டு, அதாவது சுமார் 900 கிலோ. 2025 முதல் நான்கு சக்கரங்களும் இயங்கும் ஹைபிரிட், உரிய கூடுதல் பொருத்தத்துடன் 4,000 பவுண்டு இழுக்கும். டர்போ சாண்டா குரூஸ் 5,000. மெதுவான வேகத்தில் நீண்ட ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது, துலாக்கோலின் மறு முனையைப் பிடித்திருக்கும் மின் இயந்திரத்திலும் பெரிய மோட்டாரிலும் மின்னோட்டம் உச்சத்தில் பாய்வதால், அவற்றின் கம்பிச் சுருள்கள் சூடேறும். தேய்மானத்திலிருந்து தப்பிய அமைப்புக்கு வெப்பம்தான் எல்லை. இழுக்க வேண்டிய படகோ டிரெய்லரோ அவரிடம் இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.