நிமிடத்துக்கு ஒரு ஒளித்துகள், நொடிக்கு மூன்று சுற்று

சிடிஏ 1 என்று ஒரு விண்மீன் வெடிப்பின் மிச்சம் இருக்கிறது. அதற்குள் ஒரு நியூட்ரான் விண்மீன், அதாவது வெடித்த விண்மீனின் நெருக்கிச் சுருங்கிய மையம், ஒரு சுற்றுக்கு 316 மில்லிநொடி என்ற வேகத்தில் சுழல்கிறது, அதாவது நொடிக்கு மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம். அதிலிருந்து ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியில் வந்து விழும் காமா கதிர், அதாவது மிக அதிக ஆற்றல் கொண்ட ஒளி, சராசரியாக நிமிடத்துக்கு ஒரே ஒரு ஒளித்துகள். ஒன்று வந்து அடுத்தது வருவதற்குள் விண்மீன் சுமார் 190 சுற்று முடித்துவிடும். ஆனாலும் 2008இல், ஃபெர்மி மேலே போன சில மாதங்களிலேயே, ரேடியோவில் தெரியாத இந்தப் பல்சரை (சுழலும்போது துடிப்பு துடிப்பாகத் தெரியும் நியூட்ரான் விண்மீனுக்கு அதுதான் பெயர்) காமா கதிரை மட்டும் வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படி முடிந்தது என்பதைத்தான் எழுத ஆசை.

பல்சரைக் கலங்கரை விளக்கம் என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடக்கும்போதெல்லாம் பழைய விளக்குக் கோபுரத்தைப் பார்க்கிற எனக்கும் அது பிடித்த உவமைதான், ஆனால் காமா கதிருக்கு அது பாதிதான் பொருந்தும். விளக்கு என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் கண்ணில் அடிக்கும். இங்கே அப்படி இல்லை, எந்தச் சுற்றில் ஒளித்துகள் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வந்தால், பெரும்பாலும் சுற்றின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் வரும், அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற பிடிமானம்.

ஒளித்துகள் வந்ததும் கருவியில் நடப்பது இது. காமா கதிரைக் கண்ணாடியால் குவிக்க முடியாது, ஊடுருவிப் போய்விடும். அதனால் ஃபெர்மியில் டங்ஸ்டன் தகடுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். காமா ஒளித்துகள் அதில் மோதி ஓர் எலக்ட்ரானாகவும், அதன் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானாகவும் மாறும், அந்த இரண்டின் தடத்தை நடுவிலுள்ள சிலிக்கான் பட்டைகள் பிடிக்கும், தடத்தை வைத்து எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணக்கிடலாம். வந்த நேரத்தை ஜிபிஎஸ் உதவியோடு ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவான பிழையில் குறித்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் வானத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பார்க்கும், சுமார் மூன்று மணி நேரத்தில் முழு வானத்தையும் துழாவிவிடும்.

சரி, நேரப் பட்டியல் கையில் இருக்கிறது. இதில் துடிப்பைத் தேடுவது எப்படி? கடலூர் முதுநகர் துறைமுகத்தில் நீளக் கயிற்றை உருளையில் சுற்றி வைத்திருப்பார்கள் இல்லையா, அப்படி ஒரு கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒளித்துகள் வந்த ஒவ்வொரு நேரத்துக்கும் கயிற்றில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்து, கயிற்றை உருளையில் சுற்றுங்கள். உருளையின் சுற்றளவு பல்சரின் சுற்றுக்காலத்தோடு சரியாகப் பொருந்தினால், பொட்டுகள் ஒரு பக்கமாக வரிசை கட்டி நிற்கும், இடையில் 190 சுற்று வெறுமையாகப் போயிருந்தாலும் பரவாயில்லை. துளி தப்பினாலும் உருளை முழுக்கச் சிதறிவிடும். அந்தத் திசையில் பின்னணியிலிருந்து வரும் சம்பந்தமில்லாத ஒளித்துகள்களும் பொட்டு வைத்துவிட்டுப் போகும், அவை எப்போதுமே சிதறித்தான் கிடக்கும்.

கஷ்டம் என்னவென்றால், பல்சரின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்வதால் உருளையின் அளவே நாளுக்கு நாள் மாறுகிறது. நண்டு நெபுலா என்ற இன்னொரு வெடிப்பு மிச்சத்துக்குள் இருக்கும் பல்சரை எடுத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு சுமார் 33 மில்லிநொடி, தினமும் அதோடு சுமார் 36 நானோநொடி சேருகிறது. இது ஒரு பொருட்டா என்று தோன்றும். வருஷத்துக்கு 90 கோடிக்கு மேல் சுற்றும் விண்மீன் அது, இந்தத் தளர்ச்சியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் ஒரே வருஷத்தில் சுமார் 1.8 லட்சம் சுற்று தப்பிப் போகும், நமக்கோ ஒரு சுற்றுகூடத் தப்பக் கூடாது.

அப்புறம் நம் பக்கத்து ஆட்டம் ஒன்று இருக்கிறது, எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. ஃபெர்மி பூமியைச் சுற்றுகிறது. அதன் பாதையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக ஒளிக்கே சுமார் 46 மில்லிநொடி ஆகும், நண்டு பல்சரின் ஒரு முழுச் சுற்றைவிட அதிகம். அந்த பூமியோ சூரியனைச் சுற்றுகிறது, சூரியனிலிருந்து பூமி வரையுள்ள தூரத்துக்கு ஒளி 499 நொடி எடுக்கிறது. ஆக ஒரே பல்சரின் துடிப்பு ஆறு மாத இடைவெளியில் 16 நிமிடம் வரை முன்பின்னாக வரும். அதனால் ஒவ்வொரு ஒளித்துகளின் நேரத்தையும், அது சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு எப்போது வந்திருக்கும் என்று மாற்றி எழுதுகிறார்கள். சூரியனின் நடுப்புள்ளி போதாது. வியாழன் போன்ற பெரிய கோள்கள் இழுப்பதால் சூரியனே அந்த மையத்தைச் சுற்றித் தள்ளாடுகிறது, அதை விட்டுவிட்டால் சில நொடி பிழை வந்துவிடும்.

இந்த 499 நொடிக்குப் பின்னால் இருக்கிற தூரத்தை அளக்கத்தான் கியோம் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760இல் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வெள்ளி சூரியனைக் கடக்கும் நேரத்தை உலகின் பல இடங்களிலிருந்து துல்லியமாகக் குறித்தால் சூரியனின் தூரம் கிடைக்கும். அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது, 1761 ஜூன் 6 அன்று ஆடும் கப்பலிலிருந்துதான் பார்த்தார், அந்த அளவு பயன்படவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் இந்தப் பக்கமே காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, இடிந்து கிடந்த புதுச்சேரியில் தொலைநோக்கியோடு தயாராக நின்றபோது மேகம் மூடிவிட்டது, வெள்ளி கடந்து முடிந்த பிறகுதான் வெயில் வந்தது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். இன்று அந்தத் தூரம் 14,95,97,870.7 கிலோமீட்டர் என்று வரையறுக்கப்பட்டு, பல்சர் கணக்கின் முதல் படியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இந்தத் திருத்தத்தால் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. பல்சர் இருக்கும் திசையைத் துளி தவறாக எடுத்திருந்தால், மீதிப் பிழை வருஷத்துக்கு ஒரு அலை போல ஏறி இறங்கும். ஒரு பாகையை 3,600 பங்காக்கி அதில் ஒரு பங்கு தவறினால்கூட 2 மில்லிநொடிக்கு மேல் காட்டிக்கொடுக்கும். ஆகவே காமா படத்தில் மங்கலாகத் தெரியும் விண்மீனின் இடத்தை, படத்தைவிடக் கடிகாரமே கூர்மையாகச் சொல்லிவிடுகிறது. ஃபெர்மியின் 2023 பட்டியலில் இப்படி உறுதியான காமா பல்சர்கள் 294, அதற்கு முந்தைய தலைமுறைக் கருவியில் தெரிந்தவை பத்துக்கும் குறைவு.

ரேடியோவில் இதைவிட நன்றாக அளக்கலாமே என்று கேட்பீர்கள். பல பல்சர்களுக்கு அது உண்மைதான். ஆனால் ரேடியோ அலை வரும் வழியில் விண்மீன்களுக்கு இடையே உள்ள எலக்ட்ரான்கள் அதைத் தாமதப்படுத்தும், அந்தத் தாமதமும் காலப்போக்கில் மாறும். காமா கதிரை அவை தொடுவதே இல்லை. பெருங்கருந்துளை ஜோடிகள் கிளப்பும், ஒரு அலை அடிக்கவே வருஷக்கணக்கில் ஆகும் ஈர்ப்பலைகள் வெளியையே நீட்டிச் சுருக்கி, பல்சர் துடிப்பு வந்து சேரும் நேரத்தைத் துளி மாற்றும், அவற்றைத் தேடும்போது இது பெரிய விஷயம். 2023 ஜூனில் அந்த அலைகளின் தடயத்தை ரேடியோ குழுக்கள் அறிவித்தன, புணே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியைப் பயன்படுத்தும் இந்தியக் குழுவும் அதில் உண்டு. அதற்கு முந்தைய வருஷமே ஃபெர்மி குழு 35 பல்சர்களின் 12.5 வருஷ ஒளித்துகள்களை வைத்து, இந்த அலைகள் இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்று ஓர் உச்ச வரம்பு சொன்னது. ரேடியோ அளவுக்குக் கூர்மை அதற்கு இன்னும் வரவில்லை. ஆனால் இந்த வகை அளவீட்டில் ஒவ்வொரு கூடுதல் வருஷமும் கூர்மையை வேகமாக ஏற்றும், ஃபெர்மியோ இன்னும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வானத்தைத் துழாவிக்கொண்டிருக்கிறது.