ஆக்சில்: அச்சா, அச்சாணியா?

எங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய அம்பாசடரைப் பிரித்துப் போட்டுப் பூட்டிக்கொண்டிருக்கிறோம். கிளட்ச் பிளேட் மாற்றி, கியர்பாக்ஸை ஏற்றி, முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் உறுமியது, கியரும் விழுந்தது. வண்டி மட்டும் நகரவில்லை. குனிந்து பார்த்தால், கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜோராகச் சுற்றுகிறது. மெக்கானிக் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஆக்சில் போச்சு சார்" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பின்சக்கரம் இரண்டையும் இணைத்துக் குறுக்கே கிடக்கும் மொத்த இரும்புக்கூடும் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் சொன்னது அதுவல்ல. அந்தக் கூட்டுக்குள், நடுவிலிருந்து ஒரு பக்கச் சக்கரத்துக்குப் போகும் தண்டு. டிரம்மைக் கழற்றி அதை வெளியே இழுத்துக் காட்டினார். உள்முனையில் கோடு கோடாக இருக்க வேண்டிய பற்கள் தேய்ந்து வழவழவென்றிருந்தன. ஒரு பக்கத் தண்டு போனாலே போதும், வண்டி நின்றுவிடும். சுழற்சியை இரு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் நடுப் பல்சக்கர அமைப்பான டிஃபரென்ஷியல், அதை எல்லாம் பிடிப்பில்லாத பக்கத்துக்கே தள்ளிவிடும். நல்ல பக்கம் சும்மா நிற்கும்.

ஆக, பட்டறையில் ஆக்சில் என்றால் உள்ளே சுற்றும் தண்டு. கூட்டுக்குப் பெயர் ஹவுசிங். இன்ஜினியரிங் படிப்பவர்களுக்கோ இரண்டும் சேர்ந்த முழு அமைப்பும் ஆக்சில்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழி வழியாக வந்தது. லத்தீனில் ஆக்ஸிஸ், கிரேக்கத்தில் ஆக்ஸோன், வடமொழியில் அக்ஷ என்று இதே குடும்பம் பரந்து கிடக்கிறது. தமிழ் அச்சும் அக்ஷவிலிருந்து வந்ததே என்பது மொழிநூலார் பலரின் கருத்து. தமிழ் வேர்தான் என்று வாதிடுவோரும் உண்டு. முதல் கட்சி சரியென்றால் ஆக்சிலும் அச்சும் தூரத்துப் பங்காளிகள். பள்ளிக்கூடத்தில் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு என்று வரைந்தோமே, அதுவும் இதே அச்சுதான்.

எங்கிருந்து வந்திருந்தாலும், வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்கிறது குறள் (475). மயிலிறகுதான் பாரம், ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும். (கல்யாணத்துக்கு ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு போன அம்பாசடர்களை நினைத்துக்கொள்கிறேன்.)

நாட்டுப்புறத்தில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: இருசு. மாட்டுவண்டி செய்யும் ஆசாரியிடம் குடம், ஆரக்கால், இருசு, கடையாணி என்று கேட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டுவார். மாட்டுவண்டியில் இருசு சுற்றாது. அது பாரத்தைத் தாங்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். சக்கரம்தான் அதன்மேல் சுழலும். ரயிலில் சக்கரமும் அச்சும் ஒன்றாக இறுகி, சேர்ந்தே உருளும். அம்பாசடரின் பின்பக்கத்தில் இந்த வேலையையே பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வண்டியின் எடை வில்லுப்பட்டை வழியாகக் கூட்டின்மேல் இறங்குகிறது. சக்கரத்தைச் சுற்றுவது உள்ளே இருக்கும் தண்டு. பட்டறைக்காரர் இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்ததில் நியாயம் இருக்கிறது.

இப்போது தப்பு எங்கே நடக்கிறதென்றால், ஆக்சிலைத் தமிழாக்குகிறேன் பேர்வழி என்று பலர் 'அச்சாணி' என்று எழுதிவிடுகிறார்கள். அச்சாணி வேறு. அச்சின் நுனியில், சக்கரம் கழன்று ஓடாமல் செருகும் சின்ன ஆணி அது. கடையாணி என்பதும் அதைத்தான். 'உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார்' என்று குறள் (667) சொல்வதன் அழகே அதன் சிறுமையில்தான் இருக்கிறது. அதைப் போய் இத்தனை பெரிய இரும்புக்குச் சூட்டினால் குறளும் கெட்டது, காரும் கெட்டது.

என்னைக் கேட்டால் முழு அமைப்புக்கு அச்சு, உள்ளே சுழல்வதற்கு அச்சுத்தண்டு, ஹவுசிங்குக்கு அச்சுக்கூடு. இருசை மாட்டுவண்டிக்கே விட்டுவிடலாம். சுற்றாத அச்சுக்கு அது கச்சிதமான பெயர்.

இன்னொரு சொல்லும் எடுத்துவைக்க வேண்டியது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகர்களின் வண்டியைக் காட்டுகிறார். பாரமோ பெரிது, மாடுகளோ இளசு, மேடும் பள்ளமும் எங்கே வருமென்று யாருக்குத் தெரியும்? அதனால் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதன் பெயர் சேம அச்சு. அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்த அச்சுக்கு ஒப்பிட்டுப் பாடுகிறார் ஔவை. ஸ்பேர் என்பதற்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை.

சென்னை புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் தண்டைத் தேடிப் போனபோது கடைக்காரர் ஜோடியாகத்தான் தருவேன் என்றுவிட்டார். சரி என்று வாங்கி, ஒன்றைப் பூட்டினோம். மற்றதற்குக் கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, மேலே பெயின்டில் 'சேம அச்சு' என்று எழுதி டிக்கியில் வைத்தேன். மெக்கானிக் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: "சேமம்னா என்ன சார், க்ஷேமமா?"

அதேதான்.