சுவரில் தொங்கும் பின்னம்

போன கிழமை ஏழாம் தரத்துப் பிள்ளையொருத்தி கொப்பியை நீட்டினாள். 1/2 + 1/3 = 2/5. இந்த வருடம் இது எத்தனையாவது 2/5 என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

"அரை ரொட்டி சாப்பிட்ட பிறகு இன்னுமொரு துண்டும் சாப்பிட்டால், மொத்தம் அரையைவிடக் குறையுமா?"

"குறையாது மிஸ்."

"அப்போ 2/5 அரையைவிடக் கூடவா, குறைவா?"

பேச்சில்லை. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். அரை எவ்வளவு, மூன்றிலொன்று எவ்வளவு என்று அவள் கண்ணால் கண்டதேயில்லை.

அவளுடைய வகுப்பறைச் சுவரில் பின்னங்களுக்கு அழகான சார்ட் தொங்குகிறதாம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கட்புலச் சாதனம் என்றால் பிறிஸ்டல் போர்ட்டில் நிறம் தீட்டி ஒட்டுவது என்று யார் சொன்னார்கள்? புறக்கோட்டையில் மினுக்கத் தாள் வாங்கி, அம்மா இரவிரவாக விழித்திருந்து வெட்டி ஒட்டுகிறார். பிள்ளை நித்திரை. பார்க்க வருகிறவர்கள் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டு கிழமையில் அந்த சார்ட்டும் மின்விசிறியும் பிள்ளைக்கு ஒன்றுதான். கோடு எங்கே போடுவது என்று பிள்ளை தானே பென்சிலோடு தடுமாற வேண்டும். அந்தத் தடுமாற்றத்தைக் கடையில் வாங்க முடியாது. உளவியலாளர் புரூனர் 1960களில் சொன்ன மூன்று படிகள், அதாவது கையால் செய்யும் செயல், படமாகக் காணும் படிமம், எண்ணாக எழுதும் குறியீடு எல்லாம் ஆசிரியர் கலாசாலையில் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்தவர்கள்தான் நாங்கள். வகுப்புக்குள் நுழைந்ததும் நேரே குறியீட்டில் போய் நிற்கிறோம்.

இன்னொரு கணக்கு. அண்ணாவிடம் தம்பியைப் போல் மூன்று மடங்கு பணம். இருவரிடமும் சேர்த்து 480 ரூபா. தம்பியிடம் எவ்வளவு? வெள்ளவத்தையில் என் பின்னேர வகுப்பில் பாதிப் பேர் 480ஐ மூன்றால் பிரித்துவிட்டார்கள். 'மூன்று மடங்கு' என்ற சொல் காதில் விழுந்ததும் கை ஓடிவிடுகிறது. தம்பிக்கு ஒரு பெட்டி, அண்ணாவுக்கு மூன்று பெட்டி கீறச் சொன்னேன். நான்கு பெட்டி. ஒன்று 120. நான் வாயே திறக்கவில்லை. சிங்கப்பூரில் 1980களிலிருந்து ஆரம்பப் பிரிவிலேயே இந்தப் பட்டைப் படம் பழக்குகிறார்கள்.

"படமெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு, சாதாரண தரத்துக்கு எதற்கு மிஸ்?" என்று கேட்கும் பெற்றோருக்கு: 23 × 14ஐ ஒரு செவ்வகமாகக் கீறி, 200, 80, 30, 12 என்று நான்கு அறையாகப் பிரித்துப் பழகிய பிள்ளைக்கு (a + b)(c + d) போன்ற ஈருறுப்புக் கோவைகளின் பெருக்கம் புதுப்பாடமே இல்லை. "பரீட்சையில் நேரம் போகும்" என்றும் சொல்வார்கள். ஒரு பட்டை கீறப் பத்து விநாடி. பிழையான விடையை மூன்று தரம் அழித்தெழுத எவ்வளவு போகும்?

ஆசிரியர்களே, பின்னத்துக்கு வட்டத்தை முதலில் எடுக்காதீர்கள். வட்டத்தை ஐந்தாகச் சமமாகப் பிரிக்க உங்களாலேயே முடியாது. கடதாசிக் கீலம் போதும். ஆனால் ஒப்பிடும் இரண்டு கீலமும் ஒரே நீளமாக இருக்க வேண்டும், இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். சதுரத்தைச் சாய்த்தும் கீறிக் காட்டுங்கள். எட்டாம் தரத்துப் பிள்ளைகளும் அதைச் சதுரம் என்று அறியாமல் 'டயமன்ட்' என்கிறார்கள்.

அந்தப் பிள்ளை கீலத்தை ஆறாக மடித்து, அரைக்கு மூன்றும் மூன்றிலொன்றுக்கு இரண்டும் ஐந்து என்று எண்ணி, 5/6 எழுதிவிட்டுப் போனாள். மடிப்பு கொஞ்சம் கோணல். அம்மாமாரே, தயவுசெய்து அதை அடிமட்டம் வைத்துத் திருத்திக் கொடுக்காதீர்கள்.