முச்சுழி ணகரமும் எட்டங்குலத் திரையும்

மொரீசியஸின் ரோஸ் ஹில் நகரில் சனிக்கிழமை காலைகளில் நான் நடத்தும் தமிழ் வகுப்பில், பாடத்தைப் பார்த்து எழுதச் சொன்னால் ஒரு சிறுவன் ‘மலரின் மணம்’ என்பதை ‘மலரின் மனம்’ என்றே எழுதிவந்தான். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் எழுத்தை வாரம் ஒருமுறை பார்க்கும் பிள்ளைக்குக் குழப்பம் வருவது இயல்புதானே என்று திருத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறையும் அதே பிழை வரவே, அவன் பார்த்து எழுதிய சிறிய டேப்லெட்டை வாங்கிப் பார்த்தேன். பழைய பாடநூலின் ஒளிநகல் முழுப்பக்கமாகத் திறந்திருந்தது. ணகரத்தின் சுழிகள் ஒட்டிப்போய்ச் சாம்பல் நிறத் திட்டாகத் தெரிந்தன. நம் ரூபாய்த் தாளில் பொடியாக அச்சாகியிருக்கும் தமிழைக்கூடப் படித்துவிடுகிறேன். இதைப் படிக்க முடியவில்லை.

கடைக்காரர்கள் திரையை அங்குலக் கணக்கில்தான் விற்கிறார்கள். அந்த அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. அகலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 2023-இல் வந்த சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9-இன் திரை 8.7 அங்குலம். ஆப்பிளின் ஐபேட் மினி 8.3 அங்குலம்தான். முன்னது பெரியது என்று நினைப்போம். ஆனால் அது நீண்டு ஒடுங்கிய வடிவம். செங்குத்தாகப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 11.3 சென்டிமீட்டர், மினியின் அகலம் 11.6. புத்தகப் பக்கத்துக்கு வேண்டியது அகலம் என்பதால், ‘சிறிய’ திரையில்தான் பக்கம் சற்றுப் பெரிதாகத் தெரியும். படம் பார்ப்பவருக்கு நீள்வடிவமே வசதி.

அடுத்தது பிக்சல், அதாவது திரையில் எழுத்தையும் படத்தையும் உருவாக்கும் நுண்புள்ளி. அந்த அகலத்துக்குள் மினியில் 1488 பிக்சல்கள்; டேப் ஏ9-இல் 800. அதாவது ஓர் அங்குலத்துக்கு முறையே 326, 179. நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். 30 சென்டிமீட்டர் தொலைவில் அது சுமார் 0.09 மில்லிமீட்டர். மினியின் பிக்சல் 0.08 மில்லிமீட்டர் என்பதால் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. மற்றதில் 0.14. இரண்டு மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு அங்கே 14 பிக்சல்களே கிடைக்கும். மினியில் 26 வரை. ஆங்கிலத்தின் ‘எல்’ ஒரு கோடு, 14 பிக்சலில் சௌகரியமாக நிற்கும். ணகரத்துக்கோ மூன்று சுழி, சுழிகளுக்குள் வெற்றிடம், தலைக்கு மேல் சில நேரம் புள்ளி. இடம் போதாதபோது மென்பொருள் கோட்டின் ஓரங்களைச் சாம்பல் நிறத்தால் நிரப்பிச் சமாளிக்கிறது. வெற்றிடம் அடைபட்டுப்போகிறது.

மினியின் விலை அதிகம் என்பதால் குறையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2021-இன் ஐபேட் மினியை நிமிர்த்திப் பிடித்துப் பக்கத்தை வேகமாக உருட்டினால் ஒரு பாதி மறுபாதிக்குப் பின்தங்கி, வரிகள் தளும்புவதைப் பலர் கவனித்தார்கள். திரை ஒரே கணத்தில் முழுவதுமாக மாறுவதில்லை; வரிசை வரிசையாகப் புதுப்பிக்கப்படுகிறது. நொடிக்கு 60 முறை என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 17 மில்லிவிநாடி. புதுப்பிப்பு பக்கவாட்டில் ஓடி, எழுத்து மேல்நோக்கி ஓடினால், அந்த இடைவெளி சரிவாகக் கண்ணில் படும். இத்தகைய திரைகளுக்கு அது இயல்பு என்று ஆப்பிள் சொன்னது. எனக்கு அது சமாதானமாகப் படவில்லை.

மொரீசியஸ் வெயிலில் இன்னொன்றும் உண்டு. கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். மலிவான டேப்லெட்டுகள் பலவற்றில் மேல்கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்று இடைவெளி இருப்பதால் பிரதிபலிக்கும் பரப்புகள் கூடுகின்றன. வராந்தாவில் உட்கார்ந்தால் பாடத்துக்குப் பதில் நம் முகமே தெரியும். அந்த இடைவெளியை ஒளிபுகும் பசையால் நிரப்பினால் மேல்பரப்பின் பிரதிபலிப்பே மிஞ்சும். ஆனால் ஒட்டிய திரை விழுந்து உடைந்தால் பெரும்பாலும் கண்ணாடியோடு திரையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிள்ளைகள் கையில் கொடுப்பதென்றால் நான் காற்று இடைவெளியையே பொறுத்துக்கொள்வேன்.

சிறுவனிடம் டேப்லெட்டைக் குறுக்கே திருப்பச் சொன்னேன். பக்கம் அகன்றது, எழுத்து ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதானது. பாதிப் பக்கம்தான் தெரிந்தது, அடிக்கடி விரலால் தள்ள வேண்டியிருந்தது. சுழிகளை விரல் வைத்து எண்ணினான். மூன்று.