பார்க்காத பறவைகளை எண்ணுவது

ஆண்டுதோறும் ஜனவரி 14 முதல் 17 வரை தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது கால் மணி நேரம் பறவை பார்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் குறித்து பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். இந்த முறை என்னோடு எங்கள் ஊர்க் கண்மாய்க்கு வந்த பத்தாம் வகுப்புப் பையன், கடைசி நாள் கரையில் உட்கார்ந்து கரும்பைக் கடித்தபடி கேட்டான்: “38 வகை பாத்துட்டோம் மாமா. பாக்காம விட்டது எத்தனை இருக்கும்?”

பார்க்காததை எப்படிடா எண்ணுவது என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் எண்ணலாம். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எனக்குத் தெரிந்த கணக்குகளில் இதைப்போல அழகானது வேறில்லை.

நான்கு நாளில் நாங்கள் போனது 12 சுற்று. எந்தப் பறவை எத்தனை சுற்றில் தென்பட்டது என்று நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தோம். மடையான் 12 சுற்றிலும் உண்டு. நாமக்கோழி 11. இவற்றால் நமக்கு ஒரு பயனும் இல்லை. காகத்தை நூறு முறை பார்த்தால் காகம் இருக்கிறது என்று தெரியும், வேறென்ன தெரியும்? நோட்டின் அடியில் கிடப்பவைதான் விஷயம் உள்ளவை. அங்கே விராலடிப்பான் இருந்தது, ஒரே ஒரு கோட்டோடு. மூன்றாம் நாள் காலை மதகுக்கு மேலே இரண்டு வட்டம் அடித்துவிட்டு, காலை நீட்டிக்கொண்டு தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. மீன் கிடைக்கவில்லை. உடம்பை உதறிக்கொண்டு கிழக்கே போய்விட்டது. அந்த நேரம் பையன் குனிந்து செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நானும் குனிந்திருந்தால் எங்கள் பட்டியல் 37.

ஒருமுறை மட்டும் பார்த்தவை எல்லாம் இப்படி மயிரிழையில் கிடைத்தவை. மயிரிழையில் கிடைத்தவை நிறைய இருந்தால், மயிரிழையில் தப்பியவையும் நிறைய இருக்கும்.

என் வயதுக்காரர்களுக்கு இது புதிதல்ல. பபுள்கம் உறைக்குள் கிரிக்கெட் வீரர் படம் வரும் காலத்தில், சேர்க்கத் தொடங்கியபோது ஒவ்வொரு உறையிலும் புது முகம். அப்புறம் ‘டபுள்’ விழ ஆரம்பிக்கும். கையில் இருப்பதெல்லாம் ஒற்றைப் படமாக இருந்தால் வரவேண்டியது இன்னும் ஏராளம். டபுளாகக் குவிந்துவிட்டால் செட் முடியப்போகிறது. மொத்தம் எத்தனை வீரர் என்று கம்பெனிக்காரன் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்தது.

பையன்கள் கைக்கணக்காக வைத்திருந்ததை 1984இல் தைவான் புள்ளியியலாளர் ஆன் சாவ் சூத்திரமாக்கினார். ஒற்றைகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, இரட்டைகளின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். எங்கள் நோட்டில் ஒரு சுற்றில் மட்டும் வந்தவை 8, இரண்டு சுற்றில் வந்தவை 4. எட்டெட்டு 64, அதை 8ஆல் வகுத்தால் 8. பார்க்காமல் விட்டது இன்னும் எட்டு வகை. (சுற்றுகளின் எண்ணிக்கைக்காக ஒரு சின்னத் திருத்தம் உண்டு, விட்டுவிடுகிறேன்.)

இது எப்படிச் சரியாக வருகிறது? பூஜ்யம் முறை, ஒரு முறை, இரண்டு முறை மூன்றும் அடுத்தடுத்த படிகள். எல்லா வகையும் ஒரே அளவு அரிதானவை என்று வைத்துக்கொண்டால், இந்தப் படிகளின் உயரங்கள் ஒன்றையொன்று கட்டிப்போட்டிருக்கும். இரண்டாம் படியும் முதல் படியும் தெரிந்தால், மண்ணுக்குள் புதைந்திருக்கும் பூஜ்யப் படியின் உயரத்தைக் கணக்குப் போட்டே சொல்லலாம். நிஜத்தில் எல்லாம் ஒரே அளவு அரிதல்ல, சில மகா அரிது. அப்போது சூத்திரம் தப்பாகப் போகுமா என்றால், போகும், ஆனால் ஒரே பக்கமாக. உண்மையைவிடக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. அதனால் ‘எட்டு’ என்று வரும் விடையை ‘எட்டுக்குக் குறையாது’ என்று படிக்க வேண்டும். தான் எந்தப் பக்கம் தவறுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் கணக்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆன் சாவுக்கு முன்பும் இந்தக் கேள்வி இருந்தது. மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் வேதியியலாளராக இருந்த கார்பெட், வண்ணத்துப்பூச்சி பிடிப்பதில் பித்துக் கொண்டவர். அவரிடம் ஒரே ஒரு பூச்சி மட்டும் கிடைத்த இனங்கள் 118, இரண்டு கிடைத்தவை 74, மூன்று கிடைத்தவை 44, நான்கு கிடைத்தவை 24 என்று ஒரு பட்டியல் சேர்ந்தது. இன்னும் அதே அளவு காலம் வலை வீசினால் புதிதாக எத்தனை இனம் கிடைக்கும்? புள்ளியியலாளர் ஃபிஷர் இதில் இறங்க, 1943இல் கட்டுரை வந்தது. பின்னால் வந்தவர்கள் கண்ட வழி இன்னும் எளிது. 118 கழித்தல் 74, கூட்டல் 44, கழித்தல் 24 என்று பட்டியல் தீரும்வரை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்துக்கொண்டே போனால் 75 வரும். ஆன் சாவின் சூத்திரத்தில் அதே எண்களைப் போட்டுப் பார்த்தேன்: வலைக்கே வராத இனங்கள் 94க்குக் குறையாது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியக் குறியீடுகளை உடைத்துக்கொண்டிருந்த ஆலன் டூரிங்கும் இதே ஒற்றைகளைத்தான் எண்ணினார். அவருடைய உதவியாளர் குட் 1953இல் அதை வெளியிட்டார். பூச்சி வலையும் போர்க்கால ரகசியமும் ஒற்றைகளை எண்ணுவதில் வந்து நிற்கின்றன.

சரி, பையனிடம் எட்டு என்று சொன்னேன். அந்த எட்டும் எது என்று கேட்டான். கணக்குக்கு அது தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். இருட்டியபின் வண்டியில் திரும்பும்போது மண்பாதையில் இரண்டு கண்கள் சிவப்பாக மின்னின. பக்கி என்ற இரவுப் பறவை. பக்கத்தில் போகும்வரை அசையாமல் இருந்து, சத்தமில்லாமல் எழுந்து போனது. “எட்டுல ஒண்ணு!” என்றான். இல்லை. நாங்கள் போன 12 சுற்றும் காலையில்தான். இரவில் மட்டும் நடமாடும் பறவை அந்தக் கணக்குக்குள்ளேயே வராது. எப்போது, எப்படித் தேடினோமோ அந்தத் தேடலுக்குள் நழுவியதை மட்டுமே சூத்திரம் சொல்லும்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளை ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கரையான் தின்று கிடக்கிறது, மழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் மட்டும் மேலே வருகிறது. அறிவியல் அதற்குப் பெயர் வைத்ததே 2003இல்தான். அதன் உறவுக்காரத் தவளையைத் திருவில்லிபுத்தூர்ப் பக்க மலைச்சரிவில் கண்டு 2017இல் விவரித்தார்கள். அது வடகிழக்குப் பருவமழையில் வெளியே வருவது. நம் நாட்டிலோ, ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்ய பெரும்பாலும் ஒரே ஒரு பருவத் தரவு போதும், அதுவும் மழைக்காலம் தவிர்த்து. மழையில் மட்டும் வெளியே வருகிற உயிரை மழை இல்லாதபோது தேடிவிட்டு, ‘காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். புலிக்கு கேமரா வைக்கப் பணம் கிடைக்கிறது, வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தவளை ஆய்வாளரை ஒரு முழு ஆண்டு அந்த மலையில் உட்கார வைக்க ஆகும் செலவு அதில் ஒரு துளிதான்.

இத்தகைய அறிக்கைகள் கையில் கிடைத்தால் பின்னிணைப்பைத்தான் முதலில் புரட்டுவேன். அட்டவணை நீளமாக இருக்கும்: தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் எந்த அட்டவணையில் வருகிறது என்பது வரை. எத்தனை முறை பார்த்தார்கள் என்ற பத்தி மட்டும் நான் புரட்டியவற்றில் இருந்ததில்லை. அது இல்லாமல் மேலே சொன்ன கணக்கு எதையும் போட முடியாது.