ஒட்டியாணம் கட்டும் இடத்தை ஆட்டாதீர்கள்

முதுகு வலி என்று அந்தப் பெண் பிசியோதெரபிஸ்ட்டான என்னிடம் மூன்று முறை வந்து மூன்று காரணம் சொன்னார். முதல் தடவை, தண்ணீர் கேன் தூக்கினேன் மேடம். இரண்டாவது தடவை, ஆபீஸ் நாற்காலி சரியில்லை. மூன்றாவது தடவை முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "புதுசா ஏதாவது ஆரம்பிச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டதும் கதவைத் திரும்பிப் பார்த்தார். வெளியே மாமியார் உட்கார்ந்திருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெல்லி டான்ஸ் கிளாஸ் போறேன் மேடம், ஆறு வாரமா. வீட்ல ஜும்பா உடற்பயிற்சின்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

மூன்று வாரம் வீண். கேன் தூக்கிப் பிடித்துக்கொண்ட முதுகுக்கு என்ன சொல்லித்தருவேனோ அதைச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன், அவர் வாரம் இரண்டு நாள் போய் அதே முதுகை மறுபடி நோகடித்துக்கொண்டு வந்தார். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இப்படி வருகிறவர்களில் இவர் எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பையும் வயிற்றையும் அசைத்து ஆடும் இந்த நடனத்துக்கு நான் எதிரி இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு மூட்டே துருப்பிடித்துப் போன பெண்களுக்கு இதைப் போல நல்ல அசைவு குறைவு. எனக்குக் கோபம் எல்லாம் ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் வரும் பதிலில்தான். பத்தில் ஒன்பது பேர் சொல்வது ஒரே பதில்: "தொப்பை குறையும்னு சொன்னாங்க."

யார் சொன்னார்கள்? எந்தத் தொப்பையைக் கேட்டுச் சொன்னார்கள்?

அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் பாத்திரம் சூடாவது போல, வேலை செய்யும் தசைக்கு நேர் மேலே இருக்கும் கொழுப்பு உருகிவிடும் என்று நம்புகிறோம். உடம்பில் அப்படி ஒரு அடுப்பு கிடையாது. தசைக்கு வேண்டிய எரிபொருளில் பெரும்பங்கு ரத்தத்தில் வருகிறது, அந்த ரத்தத்துக்குக் கொழுப்பு உடம்பின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து சேர்கிறது. தொடையிலிருந்து முதலில் போகுமா, முகத்திலிருந்து போகுமா, வயிற்றிலிருந்து கடைசியில் போகுமா என்பதை உங்கள் வயதும் ஹார்மோனும் பரம்பரையும் முடிவு செய்யும், உங்கள் டான்ஸ் மாஸ்டர் முடிவு செய்ய முடியாது. 1971-இல் டென்னிஸ் விளையாடுகிறவர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். ராக்கெட் பிடிக்கும் கை பருத்திருந்தது. ஆனால் தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் தடிமன் இரண்டு கையிலும் ஒன்றுதான். 2011-இல் வந்த இன்னொரு ஆய்வில் வாரத்தில் 5 நாள் வீதம் 6 வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்ய வைத்தார்கள், வயிற்றுத் தசையின் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது, வயிற்றுக் கொழுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. இவ்வளவு ஆய்வு கூட வேண்டாம். ஆட்டும் இடத்தில் கொழுப்பு கரையுமென்றால் எங்கள் தெருவில் சிலருக்குக் கன்னம் ஒட்டிப்போய் எலும்பு தெரிய வேண்டும், அப்படிப் பேசுகிறார்கள்.

ஆடினால் கலோரி செலவாகும், சரி. நடந்தாலும் செலவாகும். மாடிப்படி ஏறினாலும் செலவாகும்.

இந்த நம்பிக்கை வெறும் நம்பிக்கையாக இருந்தால் நான் பேசாமல் இருப்பேன். ஆனால் தொப்பைக்காகப் போகிறவர் என்ன செய்கிறார் பாருங்கள். ஸ்லிம் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போகிறார், வியர்த்தால் கரைகிறது என்று அர்த்தமாம். (வியர்ப்பது தண்ணீர். வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு குடித்ததும் திரும்பி வந்துவிடும்.) கண்ணாடியில் வயிறு தெரியக் கூடாதென்று எக்கிப் பிடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஆடுகிறார். மூச்சு மேலே நெஞ்சிலேயே நிற்கிறது. வயிற்றைக் கல் மாதிரி பூட்டியாகிவிட்டது, பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஏதோ ஒன்று அசைந்தாக வேண்டும். அசைவது கீழ்முதுகு. என்னிடம் வருவதும் அதுதான்.

இத்தனைக்கும் இந்த நடனத்தின் சொந்தப் பெயரில் வயிறே கிடையாது. எகிப்தில் இதை ரக்ஸ் ஷர்க்கி என்பார்கள், கிழக்கத்திய நடனம் என்று பொருள். கல்யாண வீட்டில் அத்தையும் பாட்டியும் ஆடுவது ரக்ஸ் பலதி, நம் ஊர் நடனம் என்கிற மாதிரி. வயிற்று நடனம் என்று பெயர் வைத்தது பிரெஞ்சுக்காரர்கள். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அமெரிக்கர்கள் இதை வாயைப் பிளந்து பார்த்த பிறகு அந்தப் பெயர் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. 1926-இல் கெய்ரோவில் நடனக்காரர் பதியா மசப்னி தொடங்கிய அரங்கில் ஆடி வளர்ந்த புகழ்பெற்ற நடனக்காரர்கள்தான் தஹியா கரியோக்காவும் சாமியா கமாலும். அவர்களுடைய பழைய கறுப்பு வெள்ளைப் படத் துண்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன, ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் அதில் ஒன்றைப் பாருங்கள். வயிற்றை எக்கிக்கொண்டா ஆடுகிறார்கள்?

அடுத்தது நம் தமிழால் வரும் வம்பு. இடுப்பு என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை இடத்தைக் காட்டுகிறோம்! குழந்தையைத் தூக்கி வைப்பது இடுப்பில். புடவை சொருகுவது இடுப்பில். இடுப்பு வலி என்று வருகிறவரை எங்கே என்று கேட்டால் ஒருவர் கீழ்முதுகைக் காட்டுவார், ஒருவர் தொடை இடுக்கைக் காட்டுவார், ஒன்பது மாத வயிற்றோடு யாராவது இதே வார்த்தையைச் சொன்னால் ஆட்டோ பிடிக்க வேண்டும். வகுப்பில் ஆசிரியர் "இடுப்பை இறக்கு" என்றதும் புதிதாகச் சேர்ந்தவர் மனதில் வருவது ஒட்டியாணம் கட்டுகிற இடம். அங்கேதான் நெளிகிறார். ஆசிரியர் சொன்னது அதற்கு ஒரு சாண் கீழே, தொடை எலும்பு வந்து சேரும் இடத்தை.

கீழ்முதுகில் 5 எலும்புகள். ஒன்றின் மேல் ஒன்று திரும்ப இருக்கும் இடம் ஓரிரு டிகிரிதான், முறுக்குவதற்காகச் செய்த பாகமே இல்லை அது. அதற்குக் கீழே இருக்கும் பந்துகிண்ண மூட்டோ எல்லாப் பக்கமும் சுழலும். எந்த மூட்டை வேலை வாங்க வேண்டும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இப்போதே செய்து பாருங்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பாதங்களை நேராக, தோள் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வைத்து நில்லுங்கள். இரண்டு முட்டியும் லேசாகத் தளர்ந்திருக்கட்டும். குதிகால் தரையை விட்டு எழாமல் வலது முட்டியை மட்டும் இன்னும் கொஞ்சம் மடக்குங்கள். வலது பக்கம் தானாக இறங்கும். நீட்டினால் ஏறும். இடுப்பை நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை, கவனித்தீர்களா? இதையே இடம் வலமாக மாற்றி மாற்றி வேகமாகச் செய்தால் ஷிம்மி என்கிற குலுக்கல். வேகம் பிறகு வரும். முதல் மாதமே பாட்டின் வேகத்தைப் பிடிக்க வேண்டுமென்று முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டிக்கொண்டு முதுகை உதறுகிறவர்களைத்தான் நான் வாராவாரம் பார்க்கிறேன்.

இந்த நடனத்துக்குக் கட்டும் காசு கோத்த ஸ்கார்ஃபை எங்கே கட்டுகிறீர்கள் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். அது அரைஞாண் இருக்கும் இடத்துக்கும் கீழே, பிட்டத்தின் அகலமான பகுதியில் உட்கார வேண்டும். அங்கே சலசலத்தால் சரியான மூட்டு ஆடுகிறது. மேலே கட்டினால் தவறாக ஆடினாலும் சத்தம் நன்றாகத்தான் வரும்.

பரதநாட்டியம் கற்றவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பத்து வருஷம் அரைமண்டியில் நின்று, தொடையை வெளியே திருப்பி, உடம்பின் நடுப்பகுதியை அசையாமல் வைத்துப் பழகியிருப்பீர்கள். இங்கே பாதம் நேராக இருக்க வேண்டும், அசையாமல் வைத்தது அசைய வேண்டும். எனக்குத்தான் ஆடத் தெரியுமே என்று நேராக இரண்டாம் நிலை வகுப்பில் சேர்ந்துவிடுகிறீர்கள். தாளம் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். முட்டிக்குத் தெரியாது.

பிள்ளை பெற்றவர்களிடம் இதையே கோபமில்லாமல் கெஞ்சிக் கேட்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு வயிறு முன்னால் தள்ளி நிற்பது பல நேரம் கொழுப்பே இல்லை, நடுவயிற்றில் இரண்டு பக்கத் தசையும் விலகி நிற்பதுதான். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரலால் அழுத்திப் பாருங்கள். அருகருகே வைத்த விரல்களில் இரண்டுக்கு மேல் உள்ளே இறங்கினாலோ நடுவில் கூரை முகடு மாதிரி புடைத்தாலோ வயிற்றை உருட்டும், துடிக்க வைக்கும் அசைவுகளுக்கு முன்னால் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். ஷிம்மி செய்யும்போது இரண்டு சொட்டு சிறுநீர் கசிந்தால் அது வயசுக் கோளாறு இல்லை, சகித்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் அடித்தளத் தசைகளுக்குப் பயிற்சி இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே சரியாகும். சிசேரியன் ஆனவர்கள் அறுவை செய்த மருத்துவரிடம் கேட்காமல் போகவே வேண்டாம்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. மொட்டைமாடி சிமென்ட் தரையில் வெறுங்காலோடு ஒரு மணி நேரம் ஆடாதீர்கள், டைல்ஸில் சாக்ஸ் போட்டுக்கொண்டும் ஆடாதீர்கள். பத்து நிமிஷம் உடம்பைச் சூடாக்காமல் பாட்டைப் போடும் வகுப்பை விட்டு வந்துவிடுங்கள், கட்டிய பணம் போனால் போகட்டும். ஆசிரியர் திரும்பி உங்கள் முட்டியைப் பார்க்கிறாரா, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். இங்கே யார் வேண்டுமானாலும் வகுப்புத் தொடங்கலாம், அதனால் தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு. பின்னால் வளைந்து தலை தரையைத் தொடுவது, நின்ற நிலையிலிருந்து சட்டென்று மல்லாந்து விழுவது இதெல்லாம் முதல் வருஷத்தில் வேண்டவே வேண்டாம். ரீல்ஸில் அதைச் செய்யும் பெண் எத்தனை வருஷம் பழகினாள் என்பது முப்பது நொடியில் தெரியாது.

ஆடிய மறுநாள் தொடையும் பிட்டமும் வலித்தால் நல்ல சேதி, சரியான தசை வேலை செய்திருக்கிறது. கீழ்முதுகு மட்டும் பிடித்துக்கொண்டால் ஆசிரியரிடம் சொல்லுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் எங்களிடம் வாருங்கள். வந்ததும் "கரண்ட் மட்டும் வெச்சு விடுங்க மேடம்" என்று கேட்காதீர்கள், தப்பாக ஆடுவதை வலி குறைக்க வைக்கும் கரண்ட் திருத்தாது. நீங்களாகவே எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வந்து டிஸ்க் வீங்கியிருக்கிறதாம் என்று அழவும் வேண்டாம், வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஸ்கேனில் அப்படித்தான் தெரியும். ஆனால் வலியோடு காலில் பலம் குறைந்தாலோ, இரு தொடைக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் மலம் அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போனாலோ எனக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, அந்த நேரமே, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அந்தப் பெண் இப்போது மறுபடி வகுப்புக்குப் போகிறார். பெல்ட் இல்லை, பாதி வேகம், பின் வரிசை. மாமியாருக்கு இன்னமும் ஜும்பாதான், அது அவர்கள் வீட்டு விஷயம், நான் தலையிடவில்லை. என்னிடமாவது முதல் நாளே சொல்லியிருக்கலாம். எங்கள் படிவத்தில் உடற்பயிற்சி என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் பெல்லி டான்ஸ் என்று தைரியமாக எழுதுங்கள். நான் சிரிக்க மாட்டேன். வரவேற்பில் இருக்கும் பெண் கிளாஸ் எங்கே, ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பாள், அவ்வளவுதான்.